பச்சை மிளகாய்க்கும் லினக்ஸ் வேண்டும்

என் மனைவி சிரித்தால் காரணம் சொல்ல மாட்டாள். அடுப்படியில் தனியாக நின்றுகொண்டு, போனைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே, "ஏன் சிரிக்கிற?" என்பேன். "சும்மாதான்" என்பாள். மறுபடி கேட்டால் மறுபடியும் "சும்மாதான்". அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஏதாவது ஜோக் அனுப்பியிருப்பார்கள் என்று நானும் விட்டுவிடுவேன். எழுந்து நாலு அடி வைத்து எட்டிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லையே என்பதுதான் இப்போது என் வயிற்றெரிச்சல்.

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டை ஒட்டி எனக்கு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பேன். அவளை நான் முதன்முதலில் பார்த்ததே அந்தக் கடையில், ஒரு சண்டையில்தான். அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அவர்களைச் சொல்தா என்போம். சொல்தா வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சில் படித்தவர்கள். தமிழ்ப் பெயரை ஏ பி சி டி எழுத்தில் எழுதினாலும் பிரெஞ்சு வழியில்தான் எழுதுவார்கள். நாம் u போடுகிற இடத்தில் அவர்கள் ou போடுவார்கள். நமக்கு Murugan என்றால் அவர்களுக்கு Mourougane. அவள் அண்ணன் பெயரும் அப்படி முடிகிற ஒரு பெயர். அண்ணனின் கல்யாணப் பத்திரிகையில், கடைசியில் தொங்கிய அந்த e-யைத் தட்டுப்பிழை என்று நினைத்து நான் எடுத்துவிட்டேன். கட்டுக் கட்டாக அச்சாகிப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் அவளே சைக்கிளில் வந்து இறங்கினாள்.

"எங்க அண்ணன் பேர்ல கடைசி ஈ எங்க?"

"ஈயா? கல்யாணப் பத்திரிகைல ஈ எதுக்குங்க? பந்தியில மொய்க்கறது பத்தாதா?" என்றேன். கொழுப்புதான்.

"அது இல்லன்னா நாங்க பிரெஞ்சுல படிக்கறப்ப கடைசி 'ன்' மூக்குக்குள்ள போயிடும். மறுபடி அடிச்சுக் குடுங்க."

கோபமாக வந்தவள் போகும்போது வாசலில் நின்று சிரித்தாள். ஏன் சிரிக்கறீங்க என்று கேட்டேன். "சும்மாதான்" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள். ஆக, அது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு முகூர்த்த மாதத்தில் என் கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, அடித்து வைத்திருந்த பத்திரிகைகளை எல்லாம் தின்று தீர்த்தது. பெண் வீட்டார் கடை வாசலில் நின்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அன்று விண்டோஸைத் தலைமுழுகிவிட்டு, வைரஸ் அண்டாது என்று கேள்விப்பட்ட லினக்ஸுக்கு வந்தேன். கடையிலும் லினக்ஸ், வீட்டிலும் லினக்ஸ். வருகிறவன் போகிறவனிடம் எல்லாம் லினக்ஸ் புராணம். போனும் பட்டன் போன்தான், இன்றைக்கும் அதுதான். தொட்டால் நகர்கிற போனில் எவனெவனோ நம்மை வேவு பார்க்கிறான் என்று எனக்கு ஒரு எண்ணம். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அதனால் வீட்டு நிர்வாகம் முழுக்க அவள் போனில்தான் நடந்தது. கேஸ் பதிவு செய்வது, கரண்ட் பில், வீட்டு வரி, பிரான்சில் படிக்கப்போன மகளின் விவகாரங்கள் எல்லாமே. ஒருமுறை யாரோ அவள் மெயிலுக்குள் புகுந்து, பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் பெயரில் கண்டதையும் அனுப்பிவிட்டான். எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தாள், வேறென்ன நடக்கும்? லீவில் வந்திருந்த மகள் அவள் போனில் ஒரு பாஸ்வேர்டு மேனேஜரைப் போட்டுக் கொடுத்தாள். எல்லாப் பூட்டின் சாவியையும் ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டு, அந்தப் பெட்டியின் சாவியை மட்டும் மனதில் வைத்துக்கொள்வது, அவ்வளவுதான் விஷயம். அவள் அதைப் பெட்டி என்றே சொல்வாள்.

கண்ணாடி போட்டாலும் போனின் பொடி எழுத்து அவளுக்குச் சிரமம். ஒருநாள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க, இந்தப் பெட்டி நம்ம கம்ப்யூட்டர்ல வராதா? எழுத்து பெரிசா தெரியுமில்ல. நீங்களும் பாத்துக்கலாம்."

எழுத்து பெரிதாகத் தெரியும் என்றது என் காதில் விழுந்தது. நீங்களும் பார்த்துக்கொள்ளலாம் என்றது விழவில்லை.

போய்ப் பார்த்தேன். அந்தப் பெட்டி விண்டோஸுக்கு இருந்தது, மாக்குக்கு இருந்தது, லினக்ஸுக்கு மட்டும் இல்லை. எனக்கு வந்ததே கோபம்! நாங்கள் மட்டும் என்ன மாற்றாந்தாய்ப் பிள்ளையா? லினக்ஸில் இலவசமாகவே வேறு பெட்டிகள் உண்டு, மாறிவிடு என்று அவளிடம் சொன்னேன். "எனக்கு இது பழகிடுச்சுங்க. இதுவே வரட்டும்" என்றாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

அந்தக் கம்பெனியின் தளத்தில், வாடிக்கையாளர்கள் கோரிக்கை எழுதுகிற பக்கம் ஒன்று இருந்தது. அங்கே போனால் உலகத்தில் எத்தனை பேர்! போலந்தில் இருந்து ஒருவர், பிரேசிலில் இருந்து ஒருவர், எல்லாரும் ஒரே பல்லவி: லினக்ஸ் மேசைக் கணினிக்கும் கொடுங்கள். கம்பெனியிடமும் ஒரே பதில்தான்: உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, எங்கள் குழுவிடம் தெரிவித்திருக்கிறோம். செவிடன் காதில் ஊதிய சங்கு. நானும் சேர்ந்து ஊத ஆரம்பித்தேன். என் சங்கில் சத்தம் கொஞ்சம் அதிகம். இங்கிலீஷில்தான் எழுதினேன் என்றாலும், திட்டினது எல்லாம் ரெட்டியார்பாளையம் பஸ் ஸ்டாப்பில் திட்டுகிற மாதிரிதான் இருந்தது. எழுதியதை அவளிடம் தமிழில் சொல்லியும் காட்டுவேன்.

அப்போதுதான் அந்தப் பச்சை மிளகாய் வந்தது. அந்தப் பக்கத்தில் யாரும் சொந்த முகத்தைப் போடுவதில்லை. ஒருவருக்குப் பூனை, ஒருவருக்குப் பென்குவின். புதிதாக வந்தவருக்குப் பச்சை மிளகாய்ப் படம். படம்தான் மிளகாய், பேச்செல்லாம் பாயசம். எனக்கு அது எழுதிய முதல் வரி இது: "ஐயா, கத்தாதீர்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே ?"

கேள்விக்குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி. பிரெஞ்சில் அப்படித்தான் அடிப்பார்கள் என்பது என் டி.டி.பி. கண்ணுக்குத் தெரியும். பாரீஸில் மடியில் பூனையோடு உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு பெரியவர் என்று முடிவு கட்டினேன். "உங்களைப் போலத் தயவுசெய்து, தயவுசெய்து என்று எழுதுகிறவர்களால்தான் அவர்கள் தூங்குகிறார்கள்" என்று பதிலும் போட்டேன்.

அன்று சாயங்காலம் தோசை தின்றுகொண்டே அவளிடம் புலம்பினேன். "பாரு, ஒரு பச்ச மொளகா வந்து எனக்குப் புத்தி சொல்லுது."

"என்னா சொல்லுது?"

"கத்தாதன்னு சொல்லுது."

"சரியாத்தான சொல்லுது" என்று இன்னொரு தோசையைப் போட்டுவிட்டுப் போனாள். உள்ளே போய்ச் சிரித்தாள். நான் கேட்டேன். சும்மாதானாம்.

இப்படியே காலம் போயிற்று. நான் காரமாக எழுதுவேன், மிளகாய் இனிப்பாக எழுதும். கம்பெனி இரண்டு பேருக்கும் நன்றி சொல்லும். ஒருநாள் மிளகாய் வழக்கத்தைவிட நீளமாக எழுதியது. "என் கணவர் லினக்ஸைத் தவிர எதையும் தொட மாட்டார். வீட்டின் சாவி எல்லாம் என் போனில் இருக்கிறது. அவருக்குப் போன் ஆகாது. நான் எப்போதும் இருக்கப் போவதில்லை. எல்லாம் அவர் மேசைக்கு வந்துவிட்டால் எனக்கு நிம்மதி. தயவுசெய்து செய்து தருவீர்களா ?"

பெரியவர் இல்லை, ஒரு அம்மா என்று அப்போதுதான் தெரிந்தது. படித்ததும் எனக்கு என்னவோ செய்தது, நிஜமாகத்தான் சொல்கிறேன். யாரோ முகம் தெரியாத ஒருத்திக்காக மனசு அடித்துக்கொண்டது. கம்பெனியை நாலு வாங்கு வாங்கிவிட்டு அந்த அம்மாவுக்கும் எழுதினேன்: "அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கணவர் ஒரு முட்டாள். பெண்டாட்டியைவிடவா லினக்ஸ் பெரிது? நல்ல போனாக ஒன்று வாங்கி அவர் கையில் திணியுங்கள். பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். கேட்கவில்லை என்றால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்." உலகத்தின் பல மூலைகளில் இருந்து அந்தப் பதிலுக்கு இதயக்குறி போட்டார்கள். போலந்துக்காரர், சரியாகச் சொன்னாய் சகோதரா என்றார். எனக்கு ஒரே பெருமை.

கொஞ்ச நேரத்தில் மிளகாய் பதில் போட்டது. "முட்டாள் இல்லை. மற்றதில் எல்லாம் கெட்டிக்காரர்."

அடுப்படியில் அவள் அன்று சிரித்த மாதிரி எப்போதும் சிரித்ததில்லை. கரண்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது. "ஏய், ஏன் சிரிக்கிற?" என்று கத்தினேன். "சும்மாதான்!" சிரிப்பு அடங்கிய பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"ஏங்க, நீங்களும் ஒரு நல்ல போன் வாங்கிக்கங்களேன். நான் சொல்லித் தரேன்."

"எனக்கு எதுக்கு அந்தக் கருமம்? லினக்ஸ்ல வரட்டும். வராமயா போயிடும்?"

"ஊருக்குத்தான் உபதேசமா?" என்றாள்.

எதற்கு அந்தப் பழமொழியைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவள் இன்னும் ஏதோ சொல்லப் போகிறவள் மாதிரி நின்றாள். நான் எத்தனை பேர் இதயக்குறி போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் அவள் போய்விட்டாள். நெஞ்சு வலி என்றாள், ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் யாராவது அவளிடம் முன்பே ஏதாவது சொல்லியிருந்தாரா, அதனால்தான் பெட்டி பெட்டி என்று அவ்வளவு அவசரப்பட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்க வேண்டியவள் இல்லை.

கண்ணீர் அஞ்சலி எத்தனையோ பேருக்கு அடித்த கை இது. அவளுக்கு அடிக்க ஒரு நல்ல படம் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கினேன். அதில் அவள் உம்மென்று இருக்கிறாள். தெரு முனையில் ஒட்டிய பிறகு பார்த்தால் யாரோ மாதிரி இருந்தது. போனில் இடம் இல்லை என்று படங்களை எல்லாம் அவள் இணையத்தில் ஏற்றி வைத்திருந்தாள். அந்தக் கணக்கின் சாவியும் மெயிலின் சாவியும் பெட்டிக்குள். பிரான்சில் இருந்து வந்த மகளுக்குப் போனைத் திறக்கத் தெரிந்தது, பெட்டியைத் திறக்கத் தெரியவில்லை. கேஸையும் கரண்டையும் எப்படியோ சமாளித்துக்கொள்ளலாம். அவள் சிரிக்கிற முகம் எனக்கு வேண்டும். அது உள்ளே இருந்தது, வெளியே நான் இருந்தேன்.

பாஸ்வேர்டு மறந்தால் ஞாபகப்படுத்த, அந்தப் பெட்டியில் ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம். அவள் எழுதியிருந்தது ஒரே வரி: அவர் கேட்பதற்கு நான் சொல்வது.

"நீ அம்மாகிட்ட என்னாப்பா கேப்ப?" என்றாள் மகள்.

"காபி கேப்பேன்."

"ஐயோ அப்பா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் அவளேதான் கண்டுபிடித்தாள். "ஏன் சிரிக்கிறன்னு கேப்ப. தெனமும் கேப்ப."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவுதானா என்று இருந்தது. மகள் summathan என்று அடித்தாள். திறக்கவில்லை. summadhaan, chummathan, இடம் விட்டு, இடம் விடாமல், பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில் என்று எப்படி எப்படியோ அடித்துப் பார்த்தாள். நான் பிடிவாதமாக இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்த பிள்ளை, பிரான்சுக்குப் போன பிறகும் தமிழை இங்கிலீஷ் வழியில்தான் அடிப்பாள். கடைசியில் வேறு ஏதாவது வார்த்தையாக இருக்கும் என்று அழுதுகொண்டே விட்டுவிட்டாள். விடுமுறை முடிந்து பிரான்சுக்குத் திரும்பிப் போனாள்.

போன மாதம் ஒரு மெயில் வந்தது. நீங்கள் பொறுமையாகக் காத்திருந்த லினக்ஸ் பதிப்பு இதோ வந்துவிட்டது என்று கம்பெனி எழுதியிருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கோரிக்கைப் பக்கத்தில் ஒரே திருவிழா. போலந்துக்காரர் கேட்டிருந்தார்: "பச்சை மிளகாய் அம்மா எங்கே? அவர் கணவர் இப்போது சந்தோஷமாக இருப்பாரே!" நானும் யோசித்தேன். அந்த அம்மா எழுதி ரொம்ப நாள் ஆகிவிட்டது. என் துக்கத்தில் நான் கவனிக்கவே இல்லை.

என் மனைவி கேட்டாளே என்பதற்காக அதை என் கம்ப்யூட்டரில் போட்டேன். ஸ்கிரீனில் பெரிய எழுத்தில், கண்ணாடியே தேவைப்படாத எழுத்தில், பாஸ்வேர்டு என்றது. எல்லாவற்றையும் மறுபடி அடித்துப் பார்த்தேன். இல்லை. எழுந்துபோய்ச் சட்னிக்குத் தாளிக்கலாம் என்று எண்ணெயைக் காயவைத்தேன். கடுகு டப்பாவை எடுத்தேன்.

அவள் கையெழுத்தில் டப்பா மேல் ஒட்டியிருந்தது: Cadougou.

பக்கத்து டப்பாவைப் பார்த்தேன். Ouloundou, உளுந்து. அதற்குப் பக்கத்தில் Touvaré, துவரை. கை தினமும் அவற்றை எடுக்கும், திறக்கும், வைக்கும். கண் ஒருநாளும் படித்ததில்லை. அட மடையா, அவள் எழுத்தில் அல்லவா சும்மாதான் எழுத வேண்டும்! அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். soummadan என்று அடித்தேன். திறக்கவில்லை. சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி கடை வாசலில் அவள் நின்றது அப்போதுதான் ஞாபகம் வந்தது. கடைசி ஈ எங்க?

soummadane. பெட்டி திறந்துவிட்டது.

முதலில் படங்களைத் தேடிப் போனேன். ஆயிரக்கணக்கில் இருந்தன. மகள், மகள், மகள். மாடியில் அவள் வளர்த்த மிளகாய்ச் செடி. கடற்கரைச் சாலையில் நான் சுண்டல் தின்பது. அப்புறம் என் முதுகு. அடுப்படி வாசலில் இருந்து எடுத்தது, கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் நான் குனிந்து உட்கார்ந்திருக்கும் முதுகு. வேறு வேறு சட்டையில், வேறு வேறு நாளில் அதே முதுகு. அவள் ஒன்றில்கூட இல்லை. எடுத்தவளே அவள்தானே, படத்தில் எப்படி இருப்பாள்? வீட்டில் அவளைப் படம் எடுக்க வேண்டிய ஆள் நான். என்னிடம் பட்டன் போன்.

வெறுப்போடு பெட்டிக்குத் திரும்பி, ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கிக்கொண்டு வந்தேன். கேஸ், கரண்ட், மெயில். நடுவில் அந்தக் கோரிக்கைப் பக்கத்தின் பெயர் இருந்தது. இங்கே இவளுக்கு என்ன வேலை என்று நினைத்தேன். இங்கிலீஷில் எழுத அவளுக்கு வராது, வேண்டுமானால் பிரெஞ்சில் எழுதிப் போனிலேயே மொழிபெயர்த்துக்கொள்வாள். அவள் சாவியைப் போட்டு உள்ளே போனேன். ஸ்கிரீனின் மேல் மூலையில் பச்சை மிளகாய்.

மேலே இருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஐயா, கத்தாதீர்கள். உங்கள் கணவர் ஒரு முட்டாள். நான் எப்போதும் இருக்கப் போவதில்லை. இவ்வளவையும் அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். நானும் கேட்டிருக்கிறேன், கேட்டு மனசு உருகியிருக்கிறேன், நல்ல புத்தியும் சொல்லியிருக்கிறேன். யாரோ ஒருவருடைய பெண்டாட்டி என்று நினைத்ததால்தான் அவ்வளவும். என் பெண்டாட்டி என்று தெரிந்து நேரில் வந்து நின்றபோது திரும்பி உட்கார்ந்துகொண்டேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. ஆறவும் ஆறாது.

என் பெயரில் உள்ளே போய்ப் போலந்துக்காரருக்குப் பதில் எழுதினேன். "அந்த அம்மா இறந்துவிட்டார். அந்தக் கணவர் நான்தான். இங்கே அவரை முட்டாள் என்று திட்டியவனும் நான்தான். லினக்ஸ் பதிப்பு நன்றாக வேலை செய்கிறது."

அப்போது மகள் கூப்பிட்டாள். பட்டன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"பெட்டி தெறந்துடுச்சும்மா."

"என்னாப்பா சொல்ற! எப்பிடி?"

"நாம போட்ட வார்த்தைதான். அம்மாவோட ஈய விட்டுட்டோம்."

மகள் அந்தப் பக்கம் விம்முவது கேட்டது. நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். முட்டாள் என்று நான் எழுதியதற்குக் கீழே மிளகாயின் பதில் இருந்தது. முட்டாள் இல்லை. மற்றதில் எல்லாம் கெட்டிக்காரர். அன்று கரண்டி விழுந்த சத்தம் எனக்குத் திரும்பவும் கேட்டது. அவள் சிரிக்கிற முகம் ஒரு படத்தில்கூட இல்லாமல், இங்கே இந்த வரியில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீரோடு, அடக்க முடியாமல்.

"ஏம்பா சிரிக்கிற?" என்றாள் மகள்.

"சும்மாதான்" என்றேன்.